படம் வரல, படிச்சுச் சொல்லு

போன மாதம் கமலா கூப்பிட்டாள். முப்பத்தைந்து வருஷம் நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், கணினி விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி.

"அக்கா, நம்ம இணையப் பக்கத்துல இன்னும் பழைய ஜேபெக் படங்களத் தூக்கிக்கிட்டு அலையுறோம். ஒரு படத்துக்கு மூணு காப்பி வெக்கணும். கஷ்டம், சூசா லா. இப்ப எல்லார் போன்லயும் புதுசு தொறக்குது. பழச எடுத்துறலாமா? அந்த ரூல் நீங்க போட்டதாம், அதான் உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

அந்த விதியை நான் போடவில்லை. என்னால்தான் அது போடப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கேட்டது சின்னக் கேள்விதான். ஆனால் எனக்கு அந்த வெள்ளைக் கட்டம் கண்முன் வந்து நின்றுவிட்டது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் ஒரு படக்கடை. நான் சேர்ந்தபோது கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம், செத்தவர்கள் படம் எல்லாம் செய்தோம். காலம் போகப் போகச் செத்தவர்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேருக்குத் தனிப் படமே கிடையாது. இறந்த பிறகு, யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு எடுத்த படத்தைக் கொண்டு வருவார்கள். "இந்த ஓரத்துல நிக்குதே, இதான் எங்க அம்மா. கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க." நகத்தளவு முகத்தைப் பெரிதாக்கி, மாலைக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள் நான். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஈப்போவுக்கு வந்தேன். படம் கழுவக் கற்றேன், தூரிகையால் தழும்பை மறைக்கக் கற்றேன், பிறகு ஸ்கேனர் வந்தது, அதையும் கற்றேன். அழுதுகொண்டு கற்றது பாதி, திட்டு வாங்கிக் கற்றது பாதி. அதற்குமேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தோட்டங்கள் கைமாறி, செம்பனைக் காடும் தாமான் குடியிருப்புமாக ஆன பிறகு ஜனங்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒரு லயத்து வீட்டு வரிசையில் பிறந்த ஐந்து பேர் ஐந்து ஊரில். ஒரு சாவு விழுந்தால் யாருக்கு எப்படிச் சொல்வது? அப்போதுதான் எங்கள் முதலாளி இணையத்தில் ஓர் அறிவிப்புப் பக்கம் தொடங்கினார். இன்று யார் இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், வீடு எங்கே. பேராக் மாநிலம் முழுக்க அந்தப் பக்கம் பரவிவிட்டது. வயதானவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகுதான் தேத்தண்ணி.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர், வயது, பிறந்த தோட்டம், பிள்ளைகள் பெயர், நேரம், விலாசம், முகம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கித்தான் போடுவோம். ஆரம்பத்தில் தமிழ் எழுத்தை எழுத்தாகப் போட்டால் பாதிக் கணினியில் கட்டம் கட்டமாக வரும், மீதிக் கணினியில் கோழி கிளறின மாதிரி வரும். படமாகப் போட்டால் எங்கேயும் படமாகவே தெரியும். அப்படித் தொடங்கியது. பிறகு எல்லாப் போனிலும் தமிழ் வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் கை பழைய பழக்கத்தை விடவில்லை. இன்றைக்கும் பாருங்கள், கோயில் திருவிழா, காதுகுத்து, கூட்டம், எதுவாக இருந்தாலும் நம் ஆட்கள் எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் அடைத்துத்தான் அனுப்புவார்கள்.

அதில் ஒரு தொல்லை. ஜேபெக் என்ற பட வடிவம் முகத்துக்கு நல்லது, எழுத்துக்கு எமன். அளவைக் குறைக்க நசுக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். புள்ளி இருக்கிறதா, தூசியா என்று தெரியாது. பிஎன்ஜி என்ற இன்னொரு வடிவம் எழுத்தைக் கத்தி மாதிரி காட்டும், ஆனால் முகத்தோடு சேர்த்தால் கனம் தாங்காது. தாப்பாவுக்கு மேலே மலைப்பாதையில் இருப்பவர்களுக்குப் படம் இறங்கி முடிவதற்குள் பிரேதத்தை எடுத்துவிடுவார்கள் என்று கடையில் கேலி செய்வோம். முகமும் எழுத்தும் ஒன்றாக இருக்கும் எங்கள் படத்துக்கு இரண்டுமே சரியான சட்டை இல்லை. ஒன்று இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தொளதொளவென்று இருக்கும்.

இந்த வேலையை எனக்கு ஒழுங்காகச் செய்யக் கற்றுத் தந்தவர் குலசிங்கம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க நில அளவை அலுவலகத்தில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். முதலாளியின் நண்பர் என்பதால் எங்களுக்கு மேலாளராக வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையை மடித்தே பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். கத்துகிற மனுஷனைச் சமாளித்துவிடலாம். இவர் துடைக்கிற ஒரு நிமிஷத்தில் எனக்கு மூன்று தலைமுறைப் பாவமும் நினைவுக்கு வரும்.

அவரிடம் மூன்று பிடிவாதங்கள். ஒன்று, ஸ்கேன் செய்த மூலப் படத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அது தனி இடத்தில் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். வேலைக்கு ஒரு நகல் எடு, அதில் எல்லாம் செய், கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக்காகச் சேமி. திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முகம் கரையும். "செத்த ஆளை ரெண்டாம் தரம் சாகடிக்காதை, பிள்ளை" என்பார். இரண்டு, எந்த மாற்றம் செய்தாலும் ஒரு கேள்வி: "இதை ஆர் பாக்கப் போகினம்? எதில பாக்கப் போகினம்?" மூன்றாவதுதான் முக்கியம். அவர் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கைப்பேசி இருந்தது. திரையில் குறுக்கே விரிசல், மின்கலம் அரை மணி நேரம் தாங்காது. தினமும் காலையில் அதில் எங்கள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வோர் அறிவிப்பையும் வாய்விட்டு வாசிப்பார். அதில் படிக்க முடிந்தால்தான் வேலை முடிந்தது. நாங்கள் அதற்குக் "கிழவி" என்று பெயர் வைத்திருந்தோம். கிழவி சம்மதித்தாளா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

அந்தக் காலத்தில்தான் வெப்பி வந்தது. புது வடிவம். அதில் ஒருநாள் ஓர் அறிவிப்பைச் சேமித்துப் பார்த்தேன். எழுத்து சுத்தம், முகம் சுத்தம், கனம் பாதிக்கும் குறைவு. நான் என் கண்ணையே நம்பவில்லை. இத்தனை வருஷம் முகத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் பஞ்சாயத்து செய்தவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். குலசிங்கம் சாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவரும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. நான் ஆஸ்பத்திரியால வந்தாப் பிறகு மாத்துவம்" என்றார். அடுத்த நாள் அவருக்குக் கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை, பிறகு பத்து நாள் ஓய்வு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். பத்து நாள் காத்திருக்க என்னால் முடியவில்லை. அவர் திரும்பி வரும்போது எல்லாம் மாறி, பக்கம் பறக்க வேண்டும், அவர் என் தோளைத் தட்ட வேண்டும் என்று ஆசை. அறுவைச் சிகிச்சை நடந்த அன்று மாலையே அத்தனை படங்களையும் வெப்பியாக மாற்றினேன். என் கணினியில் பார்த்தேன், வந்தது. என் புதுப் போனில் பார்த்தேன், வந்தது. கடையில் இருந்த மற்ற மூன்று போனிலும் வந்தது. கிழவி இழுப்பறைக்குள் இருந்தாள். சாவி சாரின் சட்டைப் பையில். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் "பொறு" என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. பழைய ஜேபெக்குகளைப் பக்கத்திலிருந்து எடுத்தும் விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது கூடப் பெரிதில்லை, படகையும் அவிழ்த்து விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். கடைக்கு ஒரு போன் வந்தது. பக்கத்தின் அடியில் எங்கள் எண் மட்டும் எழுத்தாக இருக்கும், அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"தங்கச்சி, பாகான் டத்தோலேருந்து பேசுறேன். இன்னைக்குப் படம் ஒன்னும் வரல லா. வெறும் வெள்ளக் கட்டமா இருக்கு. அஞ்சு கட்டம்."

"நெட்டு இல்லாம இருக்கும் அண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க."

"நெட்டு இருக்கு. மத்ததெல்லாம் வருது. ஒங்களுதுதான் வரல."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "உங்க போன் என்ன போன் அண்ணே?" என்றேன். மகள் கழித்துக் கொடுத்த போனாம், ஏழெட்டு வருஷம் ஆகிறதாம். "அதான் அண்ணே. போன் பழசு. மாத்துங்க" என்றேன். இன்றைக்கு எழுதும்போதும் அந்த வார்த்தை என்னைச் சுடுகிறது.

அவர் கோபப்படவில்லை. "போன் மாத்தலாம் லா, தங்கச்சி. நாளைக்கே மாத்தலாம். இன்னைக்குச் செத்தவங்கள நாளைக்கு வரைக்கும் வெச்சிருப்பாங்களா? நீ அங்கதானே உக்காந்திருக்க. படிச்சுச் சொல்லு. யாரு செத்தான்னு தெரியாம எனக்குத் தேத்தண்ணி எறங்காது."

சரியென்று திரையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினேன். முதலாவது, தாப்பாவில் ஒரு பெரியவர். "அவனா? என்னோட பந்து வெளயாடுவான். பாவம்" என்றார். இரண்டாவது, சுங்கை சிப்புட்டில் ஓர் ஆசிரியை. "தெரியாது, அடுத்தது" என்றார். மூன்றாவது.

"அஞ்சலை. வயது எழுபத்தொன்னு. புந்தோங், ஈப்போ."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். "அண்ணே, இருக்கீங்களா?"

"அப்பா பேரு போட்டிருக்கா?"

"அமரர் காளியப்பன்னு போட்டிருக்கு. பிறந்த எடம் பாகான் டத்தோன்னு இருக்கு."

"முகம் எப்படி இருக்கு? வலது புருவத்துல வெட்டுக் காயம் தெரியுதா?"

அந்தப் படத்தை நான்தான் செய்தேன். புருவத்துத் தழும்பை மறைக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், அது அம்மாவின் அடையாளம் என்று அவர் மகன் சொல்லியிருந்தார். "தெரியுது அண்ணே" என்றேன்.

"நான் எறிஞ்ச தேங்கா ஓடு அது. சின்னப் புள்ளையில." என்றார். "அவ எங்கக்கா. நான் மாரிமுத்து. எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

"மூணு மணி."

மணி பதினொன்று இருபது. பாகான் டத்தோவிலிருந்து ஈப்போவுக்கு, வண்டி கையில் இருந்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவரிடம் வண்டி இல்லை. "வாரேன்னு சொல்லு. கோடி எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லு. நான் வர்ற வரைக்கும்..." என்றவர் முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவரும் புதுச் சேலை. எத்தனை பேர் எத்தனை பட்டுப் போட்டாலும் அது வராமல் போனால் அவள் திக்கற்றவளாகப் போனதாகத்தான் பேச்சு.

அறிவிப்பில் இருந்த எண்ணில் அந்த அம்மாவின் மூத்த மகன் சேகரைக் கூப்பிட்டேன். பின்னால் அழுகைச் சத்தம். மாமா வருகிறார் என்றதும் அவர் சத்தமே மாறியது.

"எங்க மாமாவா? மாரிமுத்து மாமாவா பேசுனாரு? அக்கா, நாங்க அந்த அறிவிப்பு போட்டதே அவருக்காகத்தான். என் தங்கச்சி கல்யாணத்துல மாமன் மாலைய இவருக்கு முன்னாடி வேற ஆளு போட்டுட்டாங்க. அதுல கோவிச்சுக்கிட்டுப் போனவரு, பன்னெண்டு வருஷம். நம்பர் மாத்திட்டாரு, வீடு மாத்திட்டாரு. அம்மா கடைசி வரைக்கும், கோடி அவன்தான் போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நேத்து சாயங்காலம் குடுத்தோமே, உங்க பக்கம் எல்லாரும் பாப்பாங்கன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க. காலையிலேருந்து வாசலயே பாத்துக்கிட்டு இருக்கேன். ஏன் இவ்வளவு லேட்டு?"

எப்படிச் சொல்வேன்? அவர் காலையிலேயே பார்த்தார், நான் வெள்ளைக் கட்டத்தைக் காட்டினேன் என்றா?

"மின்சுடலையில நாலு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல பின்னால ஆளு இருக்கு. நான் முடிஞ்ச வரைக்கும் நிறுத்துறேன்" என்று வைத்துவிட்டார்.

குலசிங்கம் சாருக்குப் போன் செய்தேன். ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடி துடைக்க வழியில்லை. அதனால் நேராகக் கேட்டார்.

"மற்ற நாலு அறிவிப்பும் இப்ப எத்தினை பேருக்குத் தெரியேல்லை?"

"தெரியாது சார்."

"அப்ப அந்த நாலு வீட்டிலயும் ஆரோ வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பினம். முதல் அதைச் செய். அழுறதைப் பிறகு அழலாம். மூலப் படம் கிடக்குதுதானே?"

கிடந்தது. அந்த மனுஷனின் பிடிவாதம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. ஐந்து மூலங்களையும் திறந்து, நகல் எடுத்து, ஜேபெக்காக ஒரே ஒருமுறை சேமித்து, பக்கத்தில் திரும்பப் போட்டேன். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயரையும் நேரத்தையும் விலாசத்தையும் எழுத்தாகத் தட்டினேன். படத்துக்குப் பின்னால், படம் வராதபோது தெரிவதற்காக ஒரு வரி எழுதும் இடம் இருக்கும். அதை இத்தனை வருஷமும் காலியாகவே விட்டிருந்தோம். இப்போது அதில் ஆளின் பெயரைப் போட்டேன். மாரிமுத்து அண்ணனின் கட்டத்தில் அன்று காலை அஞ்சலை என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதும். நான்கே எழுத்து.

முடிக்கும்போது மணி ஒன்றரை. முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு நடந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் கூடாரம், நாற்காலி, ஜனம். மூன்று மணிக்குச் சடங்கெல்லாம் முடிந்தது. மூன்றே கால். வண்டிக்காரர் சேகர் காதில் ஏதோ சொன்னார். பெரியவர்கள் சிலர், "எடுக்கலாம்ப்பா, நேரமாச்சு" என்றார்கள். சேகர் தலையை ஆட்டவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றார். "மாமா வர்றாரு. வந்துக்கிட்டு இருக்காரு" என்று மட்டும் சொன்னார். ஒருவர், "பன்னெண்டு வருஷமா வராதவனா இப்ப வரப் போறான்?" என்றார். நான் முருகனைக் கும்பிட்டேன். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது, ஆனாலும் கும்பிட்டேன்.

மூன்று இருபத்தைந்துக்கு ஒரு லோரி வந்து நின்றது. பின்னால் பாதி லோட் தேங்காய். யாரோ ஒரு சீன லோரிக்காரரிடம் கெஞ்சி ஏறி வந்திருக்கிறார். முன்பக்கத்திலிருந்து, வேலைச் சட்டையோடு, ஒரு மனிதர் இறங்கினார். கையில் தெலுக் இந்தான் துணிக்கடைப் பை. யாரும் வழி விடச் சொல்லவில்லை, கூட்டம் தானே விலகியது. சேகர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

பச்சைச் சேலை. பிரிக்கும்போது கடையின் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் நகத்தால் கிள்ளி எடுத்தார். அக்காவின் மேல் விரித்தார். பிறகு அந்தப் புருவத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, லேட்டாயிருச்சுக்கா" என்றார். அங்கே இருந்தவர்களில் அழாதவர் யாரும் இல்லை. நானும் அழுதேன். துக்கம் மட்டும் இல்லை அதில், வந்து சேர்ந்துவிட்டாரே என்ற நிம்மதியும்தான்.

எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் போய் நான் யாரென்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். காலையில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது. வெள்ளைக் கட்டம், மூலையில் கிழிந்த படத்தின் சின்ன அடையாளம். "இதத்தான் தங்கச்சி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். திட்டவில்லை. "ஆனா நீ படிச்ச லா" என்றார்.

பத்து நாள் கழித்துக் குலசிங்கம் சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். இனி வெப்பி பக்கமே போகக் கூடாது என்பார் என்று நினைத்தேன். நானும் அதற்குத் தயாராக இருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "புதுசு பிழையில்லை, பிள்ளை. அதைத் தனியா அனுப்பினதுதான் பிழை" என்றார். பக்கத்தை எழுதுகிற முறையிலேயே ஒரு வசதி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தோம். புது வடிவத்தை முன்னால் வைக்கலாம், பழையதைப் பின்னால் வைக்கலாம். போன் தனக்கு எது திறக்குமோ அதை எடுத்துக்கொள்ளும். புதுப் போன்காரருக்கு வேகம், பழைய போன்காரருக்கும் படம். இரண்டுமே இல்லாவிட்டால் கீழே எழுத்து. அன்றே இதை விதியாக எழுதிச் சுவரில் ஒட்டினார். அவர் இழுப்பறையின் சாவியையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில் ஆணியில் மாட்டினார். அவர் எனக்குத் தந்த ஒரே தண்டனை, நான் ஓய்வு பெறும் வரை தினமும் காலையில் கிழவியை எடுத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது. பிறகு அது தண்டனையாக இல்லை. ஒவ்வொரு பெயரையும் ஒருவர் குரல்கொடுத்துப் படிப்பது செத்தவர்களுக்கு ஒரு மரியாதை மாதிரி எனக்குப் பட்டது.

கமலாவின் கேள்விக்கு வருகிறேன். வெப்பியே இப்போது பழசாகிவிட்டது. அதைவிடக் கனம் குறைந்த ஏவிஐஎஃப் வந்திருக்கிறது. அதுதான் ஒரு படத்துக்கு மூன்று நகல். அவள் கேட்பது நியாயம்தான். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை நான். எடுத்துவிடு என்று சொல்லத்தான் போனை எடுத்தேன்.

அப்போதுதான் மாரிமுத்து அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போது அவர் கையில் நல்ல போன். சேகரின் மகளுக்கு, அதாவது அந்த அஞ்சலை அம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். பிள்ளைகள் இணையத்தில் ஒரு பக்கம் செய்து அதில் பத்திரிகையைப் போட்டிருக்கிறார்கள். "கண்டிப்பா வரணும் தங்கச்சி" என்று எழுதியிருந்தார். போனில் எழுத்து பொடியாக இருந்தது, பெரிதாகப் பார்க்கலாம் என்று என் மடிக்கணினியைத் திறந்தேன். ஓய்வு பெறுவதற்கு ரொம்ப நாள் முன்னால் வாங்கியது. சுழன்றது, சுழன்றது, பிறகு நின்றது.

வெள்ளைக் கட்டம். மூலையில் கிழிந்த படத்தின் அடையாளம்.

சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். போனிலேயே பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, பத்திரிக என் கம்ப்யூட்டர்ல வரல அண்ணே. வெள்ளக் கட்டமா இருக்கு."

"கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர்?"

"பழசு அண்ணே."

"அதான். மாத்து லா, தங்கச்சி" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இரு, வெக்காத. நான் படிச்சுச் சொல்றேன்."

நிதானமாகப் படித்தார். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நாள், நேரம், மண்டபம். அழைப்பவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் நின்றது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன். தாய்மாமன் மாலைன்னு ஒரு வரி தனியா சேகர் போட்டிருக்கான். பொண்ணோட மாமனுக்கு முன்னாடி, பாட்டியோட தம்பி மாரிமுத்துன்னு எம் பேரு. மொதல்ல எம் பேரு, தங்கச்சி." மறுபடி ஒருமுறை அதே வரியைப் படித்தார். எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்துப் படித்ததாகத் தெரியவில்லை.

அவர் வைத்த பிறகு கமலாவைக் கூப்பிட்டேன். "பழச எடுக்க வேணாம் கமலா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். ஒருத்திக்கு இன்னும் படம் வரல."

"யாருக்குக்கா? நம்பர் குடுங்க, நான் பேசிப் பாக்குறேன்."

"நீ பேசிக்கிட்டுதான் இருக்க" என்றேன்.